வாய் திறந்தால் செவி திறக்கும்

2013ஆம் ஆண்டில் ஏர் ஏசியா எக்ஸ், ஸ்கூட் ஆகிய இரு விமான நிறுவனங்கள் சிறுவர்க்கு இடமில்லாத 'அமைதிப் பகுதி' ஒன்றைத் தம் விமானங்களில் ஒதுக்கின. 2016இல் நம் நாட்டு இண்டிகோவும் 12 வயது நிரம்பாதோர் அமரக்கூடாத வரிசைகளை அறிவித்தது. இத்தகைய அறிவிப்புகள் வரும்போதெல்லாம் படித்தவர்கள் இரு அணியாகப் பிரிந்து நிற்பது வழக்கம். காசு கொடுத்துப் பயணம் செய்பவனுக்கு நிம்மதியாக உறங்கும் உரிமை உண்டு என்பது ஓரணி. குழந்தைகளை ஒதுக்கிவைக்கும் சமூகம் உருப்படுமா என்பது மற்றோரணி. இரண்டு அணியிலும் எவரும் எழுப்பாத கேள்வி ஒன்று உண்டு. அந்தக் குழந்தை ஏன் அழுகிறது?

குழந்தை அழுவதற்குப் பசி, ஈரம், தூக்கக் கலக்கம், புதுமுகம் என்று காரணங்கள் பல. ஆனால் அதுவரை அமைதியாக உறங்கிய குழந்தை, விமானம் தாழத் தொடங்கியதும் வீறிட்டு அழுகிறது என்றால் முதலில் ஐயப்பட வேண்டியது அதன் செவியை. அதற்கு வலிக்கிறது. வலிக்கிறது என்று சொல்ல அதற்கு மொழி இல்லை. மொழி உள்ள நாமும் அதன் சார்பில் வாய் திறக்கவில்லை.

என் வாதம் எளியது. விமானப் பயணத்தில் வரும் செவிவலி பெரும்பாலும் தவிர்க்கத்தக்கது. தவிர்க்கும் வழியை ஐந்தாறு வாக்கியங்களில் சொல்லிவிடலாம். அதை உரிய நேரத்தில், பயணிக்குப் புரிகின்ற மொழியில் சொல்வதற்குத்தான் ஆளில்லை. சொல்லாமல் விட்ட குற்றத்தை மறைத்துக்கொண்டு, வலியால் முகம் சுளிப்பவனைப் பட்டிக்காட்டான் என்றும் அழுகின்ற குழந்தையைத் தொல்லை என்றும் ஆக்கிவைத்திருக்கிறோம்.

*

நிகழ்வது என்ன என்பதை முதலில் பார்த்துவிடலாம். விமானம் 35,000 அடி உயரத்தில் பறக்கிறது. அந்த உயரத்துக் காற்றில் மனிதன் ஓரிரு நிமிடங்களுக்கு மேல் நினைவோடு இருக்க முடியாது. ஆகவே விமானத்துக்குள் காற்றை அழுத்தி நிரப்புகிறார்கள். ஆனால் கடல்மட்டத்து அழுத்தம் வருமளவுக்கு நிரப்புவதில்லை. அவ்வாறு நிரப்பினால் விமானத்தின் உடலை இன்னும் வலுவாக, இன்னும் எடை மிகுந்ததாகக் கட்ட வேண்டியிருக்கும். 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையின்மேல் என்ன அழுத்தம் இருக்குமோ அதுவே உள்ளே இருக்கும். நம் உதகமண்டலத்தின் உயரம் ஏறத்தாழ 7,350 அடி. ஆக, நெடும்பயண விமானத்தில் அமர்ந்திருப்பவன் உடலளவில் ஊட்டியில் அமர்ந்திருக்கிறான். தரையிறங்கும்போது அரைமணி நேரத்துக்குள் ஊட்டியிலிருந்து கடற்கரைக்கு இறக்கப்படுகிறான். அதே ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு இறங்கப் பேருந்து இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்ளும். அப்போதே காது கும்மென்று அடைப்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஊட்டியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ முக்கால் பங்குதான். சமவெளியில் வாங்கிய சிப்ஸ் பொட்டலம் மலைமேல் உப்பிப்போவதைப் பார்த்திருப்பீர்கள். மலைமேல் மூடிய வெற்றுத் தண்ணீர்ப் புட்டி, அடிவாரம் வந்ததும் யாரோ கையால் நெரித்ததுபோல ஒடுங்கியிருப்பதையும் பார்த்திருப்பீர்கள். செவிப்பறைக்குப் பின்னால் உள்ள நடுச்செவி அத்தகைய ஒரு சிறு புட்டி. அதற்கு ஒரே ஒரு வாயில் உண்டு. மூக்கின் பின்புறத்திலிருந்து நடுச்செவிக்குச் செல்லும் மெல்லிய குழல் அது. பள்ளியில் யூஸ்டேசியன் குழல் என்று படித்திருப்போம். 16ஆம் நூற்றாண்டு இத்தாலிய உடற்கூறியலாளர் யூஸ்டேகியோவின் பெயரால் வந்தது. நடுச்செவிக்குழல் என்று இக்கட்டுரையில் சொல்கிறேன்.

இந்தக் குழல் எப்போதும் திறந்திருப்பதில்லை. எச்சில் விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் அண்ணத்துத் தசைகள் இழுக்க, ஒரு கணம் திறந்து மூடும். மேலே ஏறும்போது தொல்லை குறைவு. உள்ளே மிகுந்திருக்கும் காற்று தானே குழலைத் தள்ளித் திறந்துகொண்டு வெளியேறிவிடும். கீழே இறங்கும்போதுதான் சிக்கல். வெளியே அழுத்தம் ஏற ஏறச் செவிப்பறை உள்நோக்கி இழுபடுகிறது. குழலின் மென்சுவர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அழுத்த வேறுபாடு ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் விழுங்கினாலும் திறவாது. இதில் அடங்கியிருக்கும் செய்தியை அடிக்கோடிட்டுச் சொல்ல வேண்டும். செய்ய வேண்டியதை வலி வந்த பிறகு அல்ல, வருமுன் செய்ய வேண்டும். உறங்குகிறவன் விழுங்குவது குறைவு. ஆகவே இறக்கம் தொடங்குமுன் விழித்திருக்க வேண்டும். குழந்தைகளுக்கு இந்தக் குழல் குட்டையானது, குறுகலானது, ஏறத்தாழக் கிடைமட்டமாகக் கிடப்பது. கைக்குழந்தைக்குத் தானாக விழுங்க வேண்டும் என்று தெரியாது. அதற்கு யாராவது எதையாவது சப்பக் கொடுக்க வேண்டும்.

*

இது நேற்றைய அறிவன்று. இத்தாலியின் அந்தோனியோ வல்சால்வா செவியைப் பற்றிய தம் நூலை 1704இல் வெளியிட்டார். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு மூச்சை வெளித்தள்ளும் முறை அதில் உள்ளது. நடுச்செவியில் தேங்கிய சீழை வெளியேற்றும் வழியாகவே அவர் அதைச் சொன்னார். அந்நூல் அச்சாகி 79 ஆண்டுகள் கழித்து, 1783 டிசம்பர் 1 அன்று, பாரிஸ் நகரில் ஜாக் சார்லஸ் ஹைட்ரஜன் பலூனில் விண்ணேறினார். வாயுக்களைப் பற்றிய சார்லஸ் விதியைப் பள்ளியில் படித்தோமே, அவரேதான். முதற்பயணம் முடிந்து, உடன் வந்தவர் இறங்கிக்கொள்ள, சார்லஸ் தனியே மீண்டும் எழுந்தார். எடை குறைந்த பலூன் விரைந்து ஏறத்தாழ 3,000 மீட்டர் உயரத்துக்குப் போய்விட்டது. காதில் கடும் வலி. இறங்கினார். அதற்குப் பிறகு அவர் பறக்கவேயில்லை. வாயுவின் இயல்பை அவரைவிட நன்கறிந்தவர்கள் அக்காலத்தில் மிகச் சிலரே இருந்திருப்பார்கள். ஓர் அறிவு உலகில் இருப்பதும், அது வேண்டியவனுக்கு வேண்டிய நேரத்தில் போய்ச் சேர்வதும் வேறு வேறு.

19ஆம் நூற்றாண்டில் லண்டனின் செவி மருத்துவர் ஜோசப் டாயின்பி, விழுங்கும்போதுதான் குழல் திறக்கிறது என்பதை ஆராய்ந்து நிறுவினார். மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கும் முறை இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. காதிரைச்சலுக்கு மருந்து காணத் தம்மீதே நச்சு ஆவியைச் சோதித்து 1866இல் உயிரிழந்தவர் அவர். வரலாற்றறிஞர் ஆர்னால்டு டாயின்பியைப் படித்த நம் வாசகர்களில் எத்தனை பேர் அவருடைய பாட்டனாரை அறிவர்? ஒரு மனிதர் உயிரையே கொடுத்து ஆராய்ந்த உறுப்பைப் பற்றி, நாள்தோறும் இலட்சக்கணக்கானோரை ஏற்றியிறக்கும் ஒரு தொழில் வாய்மூடி இருக்கிறது.

முற்றிலும் வாய்மூடி இருந்ததாகவும் சொல்ல முடியாது. 1930இல் அமெரிக்காவில் முதல் விமானப் பணிப்பெண்ணாகச் சேர்ந்த எலன் சர்ச் ஒரு செவிலியர். அக்காலப் பணிப்பெண்கள் பயணிகளுக்குச் சூயிங்கம் வழங்கியது செவிக்காகத்தான். நம் நாட்டில் இந்தியன் ஏர்லைன்ஸ் காலத்தில் தட்டில் மிட்டாய் நீட்டுவார்கள். ஏன் தருகிறோம் என்று சொல்லித் தரவில்லை. நாமும் அதை உபசாரம் என்று எண்ணி, இரண்டாக எடுத்து, ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொண்டுபோனோம். காரணம் சொல்லாமல் கொடுத்ததால், பின்னாளில் காரணம் சொல்லாமல் நிறுத்துவதும் எளிதாயிற்று. மலிவுக் கட்டண விமானங்கள் வந்தபோது தட்டு மறைந்தது. அதைத் தட்டிக் கேட்கும் எண்ணமே நமக்கு எழவில்லை. இழந்தது மிட்டாயை மட்டும் என்று நினைத்தோம்.

*

இன்று விமானம் புறப்படுமுன் நிகழும் அந்தச் சடங்கை நினைத்துப் பாருங்கள். இடைவார் பூட்டுவது எப்படி, ஆக்சிஜன் முகமூடி விழுந்தால் என்ன செய்வது, தண்ணீரில் இறங்கினால் மிதவைச் சட்டையை எப்படி ஊதுவது. இவையெல்லாம் வேண்டும்; மறுக்கவில்லை. ஆனால் பெரும்பாலான பயணிகளுக்கு வாழ்நாளில் ஒருமுறைகூட நேராத ஆபத்துக்குக் கைகாட்டிப் பயிற்சி தருகிறவர்கள், ஒவ்வொரு பயணத்திலும் யாரோ சிலருக்கு நேர்ந்தே தீரும் துன்பத்தைப் பற்றி ஒரு சொல் சொல்வதில்லை. தரையிறங்கும் வேளையில் உறங்குகிறவனைத் தோள் தொட்டு எழுப்புகிறார்கள். எதற்கு? இருக்கையை நிமிர்த்த. அதற்குள் இறக்கம் தொடங்கிப் பாதித் தொலைவு வந்திருக்கும். பத்து நிமிடம் முன்னதாக எழுப்பி, எச்சிலை விழுங்குங்கள் என்று சொன்னால் போதும். அதைச் சொல்லவைக்கும் விதி இல்லை, ஆகவே சொல்வதில்லை.

2018 செப்டம்பர் 20 அன்று மும்பையிலிருந்து ஜெய்ப்பூருக்குப் புறப்பட்ட ஜெட் ஏர்வேஸ் விமானம் ஒன்றில், உள்ளே காற்றழுத்தத்தைப் பேணும் அமைப்பின் விசையை விமானிகள் இயக்கத் தவறினர். பயணிகள் 166 பேரில் 30 பேர் அளவுக்கு மூக்கிலும் காதிலும் இரத்தம் வடிந்தது. விமானம் மும்பைக்கே திரும்பியது. நாடெங்கும் தலைப்புச் செய்தி. நியாயமே. அந்நிறுவனம் 2019 ஏப்ரலில் பறப்பதையே நிறுத்திக்கொண்டது வேறு கதை. ஆனால் அன்று செவியைப் பற்றி ஆவேசமாகப் பேசியவர்கள், விசைகள் யாவும் சரியாக இயங்கும் மற்ற நாள்களில் சளிபிடித்த பயணி ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருப்பதைப் பேசியதில்லை. இரத்தம் வந்தால் செய்தி. வலி மட்டும் வந்தால் அவனவன் பாடு.

2017இல் தொடங்கிய உடான் திட்ட விமானங்களின் நோக்கம், ரப்பர் செருப்பு அணிந்தவரும் விமானத்தில் பறக்க வேண்டும் என்பதாகச் சொல்லப்பட்டது. நல்ல நோக்கம். திருச்சியிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் செல்லும் விமானங்களில், ரப்பர் செருப்பு அணிந்தவர் அதற்கு முன்பே ஏறிவிட்டார். டெல்டா மாவட்டங்களிலிருந்தும் புதுக்கோட்டை, இராமநாதபுரத்திலிருந்தும் கூலி வேலைக்குப் போகிறவர்கள் அவர்கள். அவர்களுக்கு அறிவிப்பு எந்த மொழியில் சொல்லப்படுகிறது? சில விமானிகள் தாமாக விரும்பித் தமிழில் பேசுவதுண்டு. அந்தக் காணொளிகளைப் பார்த்து நாம் புளகாங்கிதம் அடைவதுமுண்டு. ஒருவர் மனமுவந்து செய்தால்தான் கிடைக்கும் ஒன்றை உரிமை என்று கொண்டாட முடியுமா?

மருத்துவக் கையேடுகள் 'சளி இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுக' என்று அறிவுறுத்துகின்றன. உண்மைதான். சளியால் குழலின் வாய் வீங்கியிருக்கும், திறப்பது கடினம். ஆனால் இரண்டாண்டுக்கு ஒருமுறை முப்பது நாள் விடுப்பில், தங்கையின் திருமணத்துக்கு வருகிறவன், திரும்பப் பெறமுடியாத பயணச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுச் சளி ஆறும்வரை காத்திருப்பானா? தள்ளிப்போட வசதி உள்ளவனுக்குச் சொன்ன அறிவுரை அது. தள்ளிப்போட இயலாதவனுக்கு என்ன சொல்கிறோம்? இறக்கம் தொடங்குவதற்கு அரைமணி முதல் ஒரு மணி நேரம் முன்பு மூக்கடைப்பு நீக்கும் சொட்டு மருந்து பயன்படும் என்றும், இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எதையும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும், அவனுடைய மொழியில், அவன் பயணச்சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுத்தால் என்ன?

கோலாலம்பூரில் ஒரு கருத்தரங்கு முடிந்து திருச்சிக்குத் திரும்பும்போது கண்டதைச் சொல்கிறேன். விமானம் தாழத் தொடங்கியதும் கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. முன் வரிசையில் இருந்தவர் திரும்பி, "கொழந்தைய வெச்சுக்கத் தெரியாதவங்க ஏன் பிளேன்ல ஏறுறாங்க" என்று உரக்கவே சொன்னார். அந்தப் பெண் தலை குனிந்துகொண்டார். பணிப்பெண் வந்து, குழந்தையைச் சற்றுச் சமாதானப்படுத்துமாறு ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டு போனார். அடுத்த இருக்கையில் இருந்த முதிய அம்மாள்தான், "அம்மாடி, வெக்கப்படாம புள்ளைக்குப் பால் குடு. தொண்ட அசைஞ்சாத்தான் காது தெறக்கும். கொடைக்கானல் பஸ்ல நாங்க அப்படித்தான் செய்வோம்" என்றார். அங்கிருந்த அத்தனை பேரிலும் உடற்கூறியல் அறிந்தவர் அவர் ஒருவரே. ஒரு நிறுவனம் சீருடையும் பயிற்சியும் கொடுத்து அனுப்பிய வாயிலிருந்து வராத வாக்கியம் அவரிடமிருந்து வந்தது. எல்லா வரிசையிலும் அத்தகைய ஓர் அம்மாள் அமர்ந்திருப்பார் என்று நம்பியா விமானத்தை இயக்குவது?

*

கண்டிப்பதோடு நிறுத்திக்கொண்டால் பயனில்லை. சொல்ல வேண்டியதை நானே எழுதிப் பார்த்தேன்.

"இன்னும் சற்று நேரத்தில் விமானம் கீழிறங்கத் தொடங்கும். காது அடைக்கலாம். அருகில் உறங்குபவரை எழுப்பிவிடுங்கள். அடிக்கடி எச்சில் விழுங்குங்கள், கொட்டாவி விடுங்கள், மிட்டாய் இருந்தால் சப்புங்கள். கைக்குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்துப் பால் கொடுங்கள். அடைப்பு விடாவிட்டால் மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்குங்கள். அல்லது வாயை மூடி மூக்கைப் பிடித்து மெதுவாகக் காற்றை ஊதுங்கள். பலமாக ஊதாதீர்கள். வலி மிகுந்தால் எங்களை அழையுங்கள்."

வாசித்துப் பார்த்தால் அரைநிமிடத்துக்குள் முடிந்துவிடுகிறது. நறுமணத் திரவியமும் கைக்கடிகாரமும் விற்பதற்கு வானில் செலவிடும் நேரத்தைவிடக் குறைவு.

'மெதுவாக' என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது. வலி தாங்காமல் முழுமூச்சோடு ஊதினால் உட்செவியின் மென்சவ்வுகள் சேதமுறலாம். சளி மிகுந்திருக்கும்போது அதைச் செவிக்குள் தள்ளிவிடவும் கூடும். பெரும்பாலோருக்கு அடைப்பு சில மணி நேரத்தில் தானே சரியாகிவிடும். தரையிறங்கிய பிறகும் ஓரிரு நாள் வலி நீடித்தாலோ, காதிலிருந்து நீரோ இரத்தமோ வடிந்தாலோ, கேட்கும் திறன் குறைந்தாலோ, தலை சுழன்றாலோ காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போக வேண்டும். பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயை விடுவது நம் வீடுகளில் முதல் மருத்துவம். செவிப்பறை கிழிந்திருக்கும் நிலையில் எண்ணெய் உள்ளே போனால் கேடு. காதில் பஞ்சு வைப்பதும் வீண். சிக்கல் செவிப்பறைக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது இந்தப் பக்கம் பஞ்சை அடைத்து என்ன செய்ய? வெந்நீரில் நனைத்த காகிதத்தைக் கோப்பையில் இட்டுக் காதின்மேல் கவிழ்க்கும் வித்தையும் ஒன்று உலவுகிறது. ஆடும் விமானத்தில் கொதிநீரைக் குழந்தையின் முகத்தருகே கொண்டுபோவது எவ்வளவு அறிவீனம் என்பதை விளக்க வேண்டியதில்லை. உரியவர்கள் உரியதைச் சொல்லாதபோது அந்த இடத்தை இத்தகைய வித்தைகள்தாம் நிரப்பும்.

*

எழக்கூடிய மறுப்புகளுக்கு வருகிறேன்.

இது அற்ப விஷயம் என்பது ஒன்று. வலிக்காதவனுக்கு எல்லா வலியும் அற்பமே. மருத்துவம் சொல்வது விமான நிறுவனத்தின் வேலையன்று என்பது மற்றொன்று. அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கிறவர்கள் அவர்கள். தான் உண்டாக்கும் விளைவை முன்கூட்டிச் சொல்வதற்கு மருத்துவப் பட்டம் வேண்டாம். மலைப்பாதையில் 'ஒலி எழுப்புக' என்று பலகை நடுகிறவன் யாரிடமும் பட்டம் கேட்பதில்லை.

இலக்கியம் பேசும் தளத்தில் காதடைப்புக்கு என்ன இடம் என்பது மூன்றாவது. இதற்குத்தான் நான் கூடுதலாகச் சினம் கொள்கிறேன். கல்வி, கல்லாமை என்ற அதிகாரங்களை அடுத்துக் கேள்விக்குத் தனி அதிகாரம் வகுத்த மரபு நம்முடையது. தொல்காப்பிய மரபியல் உயிர்களை அறிவால் வகுக்கும்போது மெய், நா, மூக்கு, கண் என வந்து, மனத்துக்கு முந்தைய படியில் செவியை வைக்கிறது. செவியின் பெருமையை மேடைதோறும் முழங்குகிற நாம், செவி என்ற உறுப்பு வலிக்கும்போது எழுதுவதில்லை. அண்மைக்காலத்தில் நான் படித்த பயணக் கட்டுரைகளில் சன்னலுக்கு வெளியே பஞ்சுப்பொதி மேகங்கள் மிதக்கின்றன; கீழே நகரத்து விளக்குகள் வைரம்போல் மின்னுகின்றன; எழுத்தாளருக்கு இருத்தலின் வெறுமை புலனாகிறது. அவருக்குக் காது அடைத்ததாக ஒரு வரி இல்லை. உடலே இல்லாத பயணிகளின் பயணம் அது. அடுத்த இருக்கையில் முதன்முறையாகப் பறப்பவன் காதைப் பொத்திக்கொண்டு, இது எல்லாருக்கும் வருவதா, தனக்கு மட்டும் வந்த நோயா என்று அஞ்சியிருந்ததும் அந்தக் கட்டுரையில் வராது. அவ்வொரு வரி அச்சில் வந்திருந்தால், படித்த எவரோ ஒருவர் அவனிடம் "விழுங்குங்க தம்பி, சரியாயிடும்" என்று சொல்லியிருப்பார். உரைநடை செய்யத்தக்க தொண்டுகளில் அது சிறியதன்று.

ஆகவே விமான நிறுவனங்களிடம் கேட்பது இது: தமிழகத்தில் இறங்கும் ஒவ்வொரு விமானத்திலும், இறக்கம் தொடங்குமுன், தமிழில் அரைநிமிட அறிவிப்பு. முடிந்தால் ஆளுக்கொரு மிட்டாய், அதன் காரணத்தோடு. அதை விதியாக்க வேண்டியவர்கள் தில்லியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு எழுதத் தெரிந்தவர்கள் நம்மில் பலர் உண்டு. நம்மிடம் நாமே கேட்டுக்கொள்ள வேண்டியது இன்னும் எளிது. அடுத்த முறை பறக்கும்போது கையிலுள்ள புத்தகத்தைச் சற்று மூடிவைத்துவிட்டு, அடுத்த இருக்கையில் கண் மூடியிருப்பவரை எழுப்பி இரண்டு வாக்கியம் சொல்லலாம். குழந்தை அழுதால் தாயை முறைப்பதற்குப் பதில், பால் கொடுக்க அவருக்குக் கூச்சமில்லாதபடி முகத்தைச் சற்றுத் திருப்பிக்கொள்ளலாம். அமைதிப் பகுதிக்கு இதைவிட மலிவான வழி இல்லை.